சி டிரைவ் சிவப்பான கதை

கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாமா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிட்டார். "மருமவனே, போட்டோஷாப்பைத் தொறந்தா ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்லுங்குது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாலு பேரு உக்காந்திருக்காவ." அந்த நாலு பேரையும் எதிர்க் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பென் டிரைவோடு போனேன். என் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரமாக அதுவும் இடமில்லை என்று முனகிக்கொண்டிருந்தது. ஒரே உட்காரலில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்கு. இரண்டு ஞாயிறு ஆனது.

கடைக் கணினி நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. சி டிரைவுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி நான்தான் போட்டுக் கொடுத்தேன். டி டிரைவ் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். பெட்டியில் 256 என்று அச்சடித்தது விண்டோஸில் 238 என்று தெரியும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024, 1024-ஆக வகுக்கிறது. மாமா இன்னமும் 18 ஜிபியை நான் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதாகத்தான் நம்புகிறார். அந்த 238-இல் மிச்சம் இருந்தது 1.9.

எனக்கு முன்னாலேயே யாரோ கைவைத்திருந்தார்கள். கணினியைப் போட்டதும் மூலையில் ஒரு 'கிளீனர்' எட்டிப் பார்த்து, 1,284 பிழைகள் இருக்கின்றன, சரிசெய்யப் பணம் கட்டு என்று சிவப்பில் மிரட்டியது. அதில் பாதிக்கு மேல், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பிழைகளாம். ரெஜிஸ்ட்ரி மொத்தமே சில நூறு எம்பிதான் வரும், அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்தாலும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ வைக்கிற அளவு இடம்தான் மிச்சமாகும். முதல் வேலையாக அதைத் தூக்கினேன். இந்த வகை மென்பொருள்களுக்குக் கணினியின் எல்லாச் சாவியையும் கொடுக்க வேண்டியிருக்கும், அதனாலேயே எனக்குப் பயம். 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைச் செருகிவிட்டார்கள், அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்து இறக்கியவர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. பிரபலமான மென்பொருளுக்கே அந்த கதி. துடைக்கிறேன் என்கிற மென்பொருளை விட, எங்கே என்ன கிடக்கிறது என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கிற மென்பொருள்தான் எனக்குப் பிடிக்கும். துடைப்பதை நானே செய்துகொள்வேன்.

காட்டுகிற வகையில் இரண்டை எடுத்துப் போயிருந்தேன், வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ. ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற செவ்வகமாகத் திரையில் வரைந்து காட்டுபவை. பென் டிரைவில் வின்டிர்ஸ்டாட்டின் பழைய 1.1.2 பதிப்பும் கிடந்தது. 2007-இல் வந்த அந்தப் பதிப்புதான் பல வருடம் கடைசியாகவே இருந்தது, 2.0 வந்தது 2024-இல். பழையதில், டிரைவைப் படித்துக்கொண்டிருக்கும்போது மஞ்சள் உருண்டை ஒன்று வாயைத் திறந்து மூடியபடி ஓடும். அந்த ஏக்கத்தில் முதலில் அதையே ஓட்டினேன். 3 நிமிடம் 40 நொடி. புதிய பதிப்பு 40 நொடி. விஸ்ட்ரீ 7 நொடி.

விஸ்ட்ரீயின் வேகத்தில் மாயம் ஒன்றும் இல்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறை) டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் எம்எஃப்டி என்கிற ஒரே அட்டவணையில் எழுதியிருக்கும். மற்றவற்றில் பல ஒவ்வொரு ஃபோல்டராகக் கதவைத் தட்டி "உள்ளே என்ன இருக்கு" என்று கேட்கின்றன, விஸ்ட்ரீ நேராக வாக்காளர் பட்டியலைப் புரட்டுகிறது. அதனால்தான் அட்மின் அனுமதி கேட்கிறது. எக்ஸ்ஃபேட் என்கிற வேறு முறையில் அமைத்த பென் டிரைவில் அந்தப் பட்டியல் இல்லை, அங்கே விஸ்ட்ரீயும் கதவு தட்டித்தான் ஆக வேண்டும்.

வேகத்தை விட எனக்கு உபயோகப்பட்டது இன்னொரு வித்தியாசம். வின்டிர்ஸ்டாட்டை அட்மின் இல்லாமல் ஓட்டியபோது, ஃபோல்டர்களின் கூட்டுத்தொகைக்கும் டிரைவ் நிறைந்திருப்பதாகச் சொன்ன அளவுக்கும் 24 ஜிபி உதைத்தது. அந்த 24-ஐ 'தெரியாதது' என்று ஒரு தனிக் கட்டமாகக் காட்டியது. விஸ்ட்ரீயில் பார்த்தால் அதில் 22 ஜிபி 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டருக்குள், அதாவது ரீஸ்டோர் பாயின்ட்டுகள், கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைப்பவை. சிஸ்டம் புரொடெக்‌ஷனில் அதற்கு ஒதுக்கும் இழுவையை யாரோ வலது பக்கம் இழுத்து வைத்திருந்தார்கள். அதை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். 17 ஜிபி திரும்பியது. அட்மின் அனுமதி இல்லாமல் பார்த்துவிட்டு "எல்லாம் கூட்டியாச்சு, ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போகிறவர்களுக்கு இந்த 17 ஜிபி எப்போதும் கண்ணில் படாது.

எதிர்ப்பக்கமாக ஏமாற்றுகிற கணக்கும் உண்டு. எக்ஸ்ப்ளோரரில் விண்டோஸ் ஃபோல்டரை வலது கிளிக் செய்து பார்த்தால் 33 ஜிபி என்றது. உண்மையில் 24 போலத்தான். வின்எஸ்எக்ஸ்எஸ் என்கிற உள் ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளில் பல, ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர் மாட்டியவை. ஹார்ட் லிங்க் என்பார்கள். எக்ஸ்ப்ளோரர் பெயருக்குப் பெயர் எண்ணிவிடுகிறது. இதைப் பார்த்துப் பதறி வின்எஸ்எக்ஸ்எஸ்-ஐக் கையால் அழித்துவிட்டு, கணினியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதைச் சுருக்க வேண்டுமென்றால் விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பிலேயே 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' இருக்கிறது, அது போதும்.

சரி, போட்டோஷாப்புக்கு வருவோம். விஸ்ட்ரீயில் கோப்புகளைப் பெரியதில் இருந்து வரிசைப்படுத்தினால் முதல் மூன்று இடமும் ஒரே ஜாதி. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டருக்குள் 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் மூன்று கோப்புகள், சேர்த்து 27 ஜிபி. போட்டோஷாப் வேலை செய்யும்போது ராம் பத்தாமல் டிஸ்க்கில் எழுதிக்கொள்ளும் ஸ்கிராட்ச் கோப்புகள் இவை. ஒழுங்காக மூடினால் தானே அழித்துவிடும். நடுவில் செத்தால் அப்படியே கிடக்கும். மூன்றின் தேதியையும் மாமாவிடம் வாசித்தேன்.

"பதினெட்டாந் தேதியா? அன்னிக்குத்தான் ரெண்டு தடவ கரண்டு போச்சு."

"யூபிஎஸ் இருக்கே மாமா?"

"இருக்கு. பேட்டரிதான் இல்ல."

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யூபிஎஸ் மீது பேப்பர் ரீம் அடுக்கி, அதன் மேல் லேமினேஷன் மெஷின் உட்கார்ந்திருந்தது. ஆக, ஸ்கிராட்ச் டிஸ்க்கை அடைத்தது ஸ்கிராட்ச் கோப்பேதான். மூன்றையும் அழித்ததும் போட்டோஷாப் திறந்தது. திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணைகிற ஹைபர்னேட் வசதியையும் நிறுத்தினேன். அதற்கென்று ராமில் 40 சதவீத அளவுக்கு, இங்கே 3.2 ஜிபி, ஒரு கோப்பு எப்போதும் ஒதுங்கிக் கிடக்கும். மேசைக் கணினி, அதுவும் எஸ்எஸ்டி போட்டது, ஹைபர்னேட் ஆகி என்ன செய்யப் போகிறது.

மாமாவுக்கு வேறு ஒரு யோசனை. "டி டிரைவுல கெடக்க போட்டோ எல்லாத்தையும் ஜிப் பண்ணி வெச்சா பாதி எடம் மிச்சமாவும்லா?" சொன்னால் நம்ப மாட்டார் என்று 10.2 ஜிபி கல்யாண போட்டோ ஃபோல்டர் ஒன்றை 7-ஜிப்பில், அழுத்தத்தை உச்சத்தில் வைத்து ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தும் முடியவில்லை. முடிந்தபோது 10.1. ஜேபெக் என்பதே பிழிந்து காயப்போட்ட துணி, இன்னொரு தடவை முறுக்கினால் தண்ணீர் வராது. ஆனால் 7-ஜிப்பை அங்கேயே விட்டுவைத்தேன். வாடிக்கையாளர்கள் ரார் கோப்பு அனுப்பினால் திறக்க வேண்டும். ரார் கோப்பை உருவாக்க அதனால் முடியாது, திறக்க முடியும், கடைக்கு அது போதும். வின்ரார் 40 நாள் சோதனைக்குத்தான் இலவசம், அதற்கப்புறமும் திறக்கிறதே என்று வருடக்கணக்கில் ஓட்டுவது நம் ஊர் வழக்கம். விண்டோஸ் 11-இல் 2023-இல் இருந்து ராரையும் 7-ஜிப்பையும் எக்ஸ்ப்ளோரரே திறக்கிறது. இந்த ஐ3-க்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தும் விட்டது. அது தனிப் பஞ்சாயத்து.

அடுத்தது தேடல். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

எவ்ரிதிங் என்று ஒரு சின்ன மென்பொருள். கோப்பின் பெயரை அடிக்க அடிக்க, எழுத்துக்கு எழுத்து பட்டியல் சுருங்கும். இதுவும் எம்எஃப்டியைத்தான் படிக்கிறது. ஒருமுறை படித்தபின், எந்தக் கோப்பு மாறினாலும் என்டிஎஃப்எஸ் எழுதிவைக்கும் மாற்றப் பதிவேட்டைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புக்குச் சுமார் 75 எம்பி ராம். நிறுவும்போது 'சர்வீஸாக நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், தினமும் அட்மின் அனுமதி கேட்டுத் தொந்தரவு செய்யாது. என் லேப்டாப்பில் ஆறு வருடமாக இருக்கிறது. மாமா முதல் தடவை பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. ஊரில் தெரிந்த பெயரையெல்லாம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கடையின் நிஜப் பிரச்சினை பெயர் இல்லாத கோப்புகள். 'நியூ மைக்ரோசாஃப்ட் வேர்டு டாக்குமென்ட் 47' என்பது ஒரு கிரயப் பத்திரத்தின் நகல், 48 பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், 49 யாருக்கோ எழுதிய மொட்டைக் கடிதமாகக் கூட இருக்கலாம். உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடவும் எவ்ரிதிங்கில் வழி உண்டு. அதை அட்டவணையில் வைத்திருக்காது, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கும், அதனால் மெதுவு. ஃபோல்டரையும் கோப்பு வகையையும் குறுக்கிவிட்டுத் தேடினால் தாங்கும். எட்டயபுரம் நிலம் ஒன்றின் பத்திரத்தைத் தேட வேண்டியிருந்தது. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் 'எட்டயபுரம்' என்று அடித்தேன். பூஜ்யம்.

மாமா இருபது வருடமாகப் பாமினியில் அடிப்பவர். பாமினி கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிய எழுத்துரு அது. 'அம்மா' என்று திரையில் தெரிவது கோப்புக்குள் எம், கே, செமிகோலன், கே, எச். அவ்வளவுதான். யூனிகோட் தமிழ் இருப்பது முற்றிலும் வேறு எண்களில், ஆகவே எந்தத் தேடலும் இரண்டையும் சேர்த்து வைக்காது. எழுத்துரு மாற்றி ஒன்றைத் திறந்து, எட்டயபுரத்தைப் பாமினிக்கு மாற்றி, நகலெடுத்து ஒட்டலாம் என்று நான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது மாமா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"இங்கிலீஷ்லயே இருக்குல்லா? தள்ளு."

தேடல் பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை. பாமினியில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு எட்டயபுரத்தை அடித்தார். பெட்டியில் கண்டமேனிக்கு ஆங்கில எழுத்துகளும் இரண்டு செமிகோலன்களும் விழுந்தன. ஏழு கோப்புகள் வந்தன. நாலாவது அந்தப் பத்திரம். என் பங்குக்கு நான் செய்தது இரண்டுதான். அடித்ததை மேற்கோள் குறிக்குள் போட்டேன், ஏனென்றால் பாமினியில் வரும் சில குறிகளுக்கு எவ்ரிதிங்கில் வேறு அர்த்தம் உண்டு. அப்புறம் 'மேட்ச் கேஸ்' போட்டுவிட்டேன். பாமினியில் சிறிய ஜி என்றால் ப, பெரிய ஜி என்றால் பு. பெரிது சிறிது பார்க்காமல் தேடினால் பட்டியலில் கண்டதும் சேரும். விரல் நினைவே எழுத்துரு மாற்றியாக வேலை செய்ததைப் பார்த்தபின் நான் வாயைத் திறக்கவில்லை.

அதே எவ்ரிதிங்தான் இன்னொன்றையும் வெளியே போட்டது. ஆதார் என்று அடித்ததும் 4,318 கோப்புகள். மக்கள் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, கடையிலேயே இறக்கியவை. இ-ஆதார் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் உண்டு, சரி. ஆனால் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தக் கடவுச்சொல் என்பது ஊருக்கே தெரியும். பாதிப் பேருடையது ஸ்கேன் செய்த படம், அதற்குப் பூட்டே இல்லை.

"மறுபடி வந்து கேப்பாவல்லா மருமவனே?"

"கேட்டா மறுபடி இறக்கிக் கொடுங்க மாமா. நம்ம மெஷின் தொலஞ்சா நாலாயிரம் பேருக்கு யாரு பதில் சொல்றது?"

அரை மணி நேரம் பேசி, பத்திரமும் அழைப்பிதழும் டி டிரைவுக்குப் போகும், டவுன்லோட்ஸில் கிடப்பது 30 நாளில் போய்விடும் என்று முடிவானது. இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது, டவுன்லோட்ஸில் 1, 14, 30, 60 நாளாகத் திறக்காத கோப்புகளைத் தானே அழிக்கச் சொல்லலாம். சாதாரணமாக இது அணைந்தே இருக்கும். போடுவதற்கு முன் பிரின்டர் டிரைவர் மாதிரி வேண்டியவற்றை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். அதைச் செய்துவிட்டுப் போட்டேன். டவுன்லோட்ஸ் 58-இல் இருந்து 9 ஜிபிக்கு இறங்கியது. டெஸ்க்டாப்பில் இருந்து 28 ஜிபியை டி டிரைவுக்குத் தள்ளினேன். மொத்தத்தில் சி டிரைவில் 126 ஜிபி காலி.

என் லேப்டாப் கதை வேறு ஜாதி. 512 ஜிபி, அதாவது 476. விஸ்ட்ரீயைத் திறந்ததும் முழுத் திரையில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே செவ்வகம் பிடித்துக்கொண்டிருந்தது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்ட உதவும் டாக்கரின் மெய்நிகர் டிஸ்க், ஒரே கோப்பு, 94 ஜிபி. உள்ளே போய்ப் பார்த்தால் உபயோகத்தில் இருப்பது 38. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-லின் இந்தக் கோப்பு உள்ளே எழுத எழுத வீங்கும். உள்ளே அழித்தால் தானாக வற்றாது. அந்தப் பெட்டிகளின் மூலப் பிரதிகளான பழைய இமேஜ்களை 'ப்ரூன்' கட்டளை கொடுத்து அழித்தேன், வெளியே ஒரு எம்பி கூடக் குறையவில்லை. டபிள்யூஎஸ்எல்-லை முழுதாக நிறுத்திவிட்டு, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அந்தக் கோப்பைத் தேர்ந்து 'காம்பேக்ட்' கொடுத்தபின்தான் 31-க்கு வந்தது. எந்தக் கிளீனரும் இதைத் தொடாது. தொடவும் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுகளுக்கு இறக்கிய துணை நிரல்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்கள் 63 இருந்தன, என்பிகில் என்ற கட்டளைக் கருவி அவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அழிக்க விட்டது. 19 ஜிபி. கடையில் இதற்கு வேலையே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரே மாதிரிக் கோப்புகளைத் தேடி அழிக்கிற மென்பொருள் ஒன்று, பெயர் வேண்டாம், லேப்டாப்பில் ஏற்கெனவே கிடந்தது. வேலை ஃபோல்டர் முழுக்க ஓட்டி, 'பழையதை வைத்துக்கொள், மற்றதைத் தேர்ந்தெடு' என்று சொல்லி அழுத்திவிட்டேன். 11 ஜிபி கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஒரு ப்ராஜெக்டில், நிரலின் மாற்ற வரலாற்றைக் காத்து வைக்கும் கிட் மென்பொருளின் கட்டளை எதைக் கொடுத்தாலும் ஆப்ஜெக்டைக் காணோம் என்றது. எதையாவது பெரிதாக மாற்றுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் 'காப்பி' என்று நகலெடுத்து வைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கிட் தன் வரலாற்றையெல்லாம் பேக் கோப்புகளாகக் கட்டி வைக்கும். நகலிலும் அசலிலும் அந்தக் கோப்பு பைட்டுக்கு பைட் ஒன்று. மென்பொருளின் பார்வையில் அது சரியான டூப்ளிகேட்தான், நான் வேலை செய்துகொண்டிருந்த பக்கத்தில் இருந்ததைத் தூக்கிவிட்டது. மற்ற ஃபோல்டரில் இருந்து பேக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் சரியானது, ஆனால் ஒரு மணி நேரம் வியர்த்தது. தப்பு முழுக்க என்னுடையது, பட்டியலைப் படிக்காமல் அழுத்தினேன்.

அதற்கப்புறம் ச்காவ்காவுக்கு மாறினேன். போலந்து மொழியில் விக்கல் என்று அர்த்தமாம். முதலில் அளவு ஒன்றாக இருப்பவற்றை மட்டும் ஒதுக்கி, அப்புறம் தொடக்கப் பகுதியை ஒப்பிட்டு, கடைசியில்தான் முழுக் கோப்பையும் படிக்கிறது, அதனால் வேகம். கிட் ஃபோல்டரையும் நோட் மாட்யூல்ஸையும் தொடாதவற்றின் பட்டியலில் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தன் முன்னாலேயே மாட்டியிருப்பான். மாமா கடையின் டி டிரைவில் அடுத்த ஞாயிறு அதை ஓட்டினேன், 140 ஜிபி கல்யாண போட்டோ இரண்டு தடவை இருந்தது. எதை அழிப்பது என்று மாமாவையே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒரு ஃபோல்டர் மட்டும் இரண்டு நகலும் வேண்டும் என்றார். பையனுடைய கல்யாணம்.

லைசென்ஸ் விஷயம் ஒன்று பாக்கி. விஸ்ட்ரீ சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். கடை என்பது தொழில், அதனால் அங்கே வின்டிர்ஸ்டாட்டின் புதிய பதிப்பை விட்டுவிட்டு விஸ்ட்ரீயை என் பென் டிரைவோடு எடுத்து வந்துவிட்டேன். வேலைக்காக லேப்டாப்பில் ஓட்டியதையும் யோசித்துப் பார்த்தால் நியாயமாக நான் பணம் கட்ட வேண்டும். கட்டிவிடுகிறேன். மாமாவுக்கு 7 நொடிக்கும் 40 நொடிக்கும் வித்தியாசம் தெரியப் போவதில்லை, மாதம் ஒருமுறை பெரிய செவ்வகம் எது என்று பார்த்தால் போதும். அதை அவர் கற்றுக்கொண்டார் என்பதற்கு நேற்று ஆதாரம் வந்தது. வாட்ஸ்அப்பில் திரையின் போட்டோ, டெம்ப் ஃபோல்டரில் ஒரு புதுச் செவ்வகத்தைச் சுற்றி விரலால் வட்டம். 'போட்டோஷாப் டெம்ப்', 6 ஜிபி.

யூபிஎஸ் பேட்டரி இன்னும் வாங்கவில்லை.